மூன்றாவது வெயில்

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ரொட்டியைப் பிட்டபடி, முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "அது டப்பா இல்லடா, நான்தான்" என்று நாலு வார்த்தை. தம்பி முதலில் சிரித்திருப்பான். பிறகு விழித்திருப்பான். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டியிருப்பாள். மறுநாள் பாலத்து வளைவில் அவன் வேகத்தைக் குறைத்திருப்பான்.

மூன்று வாரமாக அவளுடைய நினைப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பல் விளக்கும்போது, பஸ்ஸில் உட்காரும்போது, ஆபீஸில் திரையைத் திறக்கும்போது. எங்கே போனாலும் அந்தச் சாப்பாட்டு மேஜைக்கே திரும்பி வந்து நிற்கிறது.

பேக்கரி வேன் ஓட்டுகிறவன் வீட்டில், கடைகளில் விற்காமல் திரும்பி வந்த ரொட்டிதான் சாப்பாடு. ஓரம் காய்ந்திருக்கும். அம்மா அதை முட்டையில் தோய்த்து வாட்டுவாள். தம்பியின் மனைவிக்கு அதே பேக்கரியில் ரொட்டியை உறையில் போடுகிற வேலை.

"காலையில நான் சூடா உறையில போட்டு வழியனுப்பி வைக்கிறேன் அண்ணி. சாயங்காலம் இவரு அதையே கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றாரு," என்றாள் தம்பி மனைவி அன்றைக்கு.

"புது ரொட்டி வேணும்னா வேற பேக்கரி டிரைவரைக் கட்டியிருக்கணும்," என்றான் தம்பி.

"அதை அப்பவே எங்க வீட்டுல சொல்ல ஆளில்லாம போச்சு."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகத்தான் அவன் சொன்னான். "அக்கா, பாலத்து வளைவுல உங்க ஆபீஸ் கேமரா ஒண்ணு நிக்குதே, அது வெறும் டப்பாக்கா. ரெண்டு தடவை பறந்திருக்கேன். ஒரு கடுதாசி வரல."

"பெருமை வேற," என்றாள் அம்மா.

"சும்மா பயமுறுத்தி வசூல் பண்றதுக்கு வெச்சதும்மா. பாதி பொட்டியில உள்ள ஒண்ணுமே இருக்காதாம். என்னக்கா, சரிதானே?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் படம் பாக்கிறவ, பொட்டி மாட்டுறவ இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது தன்னையே தோண்டிப் பார்க்கிறாள். வேலை போய்விடும் என்ற பயமா? கொஞ்சம். ஆனால் அது மட்டும் இல்லை. அவனுக்கே தெரியாமல் அவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பதில் ஒரு ருசி இருந்தது. அவன் பீற்றிக்கொள்ளப் பீற்றிக்கொள்ள அந்த ருசி கூடியது. சின்னப் பிள்ளையில் அவன் உடைத்த கண்ணாடித் தம்ளரின் சில்லுகளை அம்மா பார்ப்பதற்குள் பொறுக்கி எறிந்தபோது இருந்த அதே ருசி. நாற்பத்தோரு வயதிலும் அது தனக்குத் தேவைப்பட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் கூச்சமாக இருந்தது.

*

அவளுடைய வேலையைப் பற்றி வெளியே யாரும் சரியாகக் கேட்டதில்லை. "கேமரா ஆபீஸ்" என்றாலே முகம் சுளிப்பார்கள். மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த அறை. மூன்று மேஜை, மூன்று திரை. வேகமாகப் போன ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு படம் வரும். இரண்டுக்கும் நடுவே அரை நொடி. சாலையில் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளில் வண்டி எத்தனையைத் தாண்டியிருக்கிறது என்று எண்ணி, கருவி சொன்ன வேகம் சரிதானா என்று பார்க்க வேண்டும். பிறகு எண் பலகையைப் படிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 'செல்லும்'. அபராதக் கடிதம் தானாகக் கிளம்பிவிடும். இல்லையென்றால் 'தெளிவில்லை'. அதற்குக் கீழே காரணம்: மழை, சேறு, குறுக்கே வேறு வண்டி, வெயில் கூச்சம்.

ஒரு நாளைக்கு நானூறு ஜோடிப் படங்கள். ஓட்டுகிறவர்களின் முகம் தெரியும். கொட்டாவி விடுகிறவர்கள், மூக்கு நோண்டுகிறவர்கள், பக்கத்து இருக்கையோடு சண்டை போடுகிறவர்கள். பாடிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். படத்தில் சத்தம் இல்லாததால் வாயை அகலத் திறந்த மனிதர்கள் அழுவது போலவும் இருக்கும்.

கேமராவால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று பஸ்ஸிலும் கடையிலும் ஆட்கள் வாதாடும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். பாலத்து வளைவில் அதை வைத்த முதல் மாதம் நாளுக்கு இருநூறு படம் வந்தது. இரண்டாவது மாதமே அது ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டது. அதே ஆட்கள் அடுத்த வளைவைத் தாண்டியதும் அழுத்தி மிதிக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வளைவில், அந்த நூறு அடியில் குறைத்தார்கள். எல்லோரும் குறைத்தார்கள்.

'வெயில்' என்பது அந்த அறையின் பேச்சு. சாயங்காலம் மூன்றிலிருந்து ஐந்து வரை மேற்கு வெயில் நேராக எண் பலகையில் அடிக்கும், நிஜமாகவே பல படங்கள் வெளுத்துப்போகும். அந்தக் கூட்டத்தில் வீட்டு ஆள் ஒருவனின் படத்தையும் தள்ளிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேஜைக்காரர் தன் பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி சொல்லிக்கொடுத்தார். அதனாலேயே அவருக்கு 'லென்ஸ்' என்று பெயர்.

"வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு வெயில்மா. சொந்தக்காரங்களுக்கு மட்டும். அதுக்கு மேல அடிச்சா தோல் உரிஞ்சிடும்."

"மாட்டிக்கிட்டா?"

"சூரியனைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும்."

அவர் தன் மருமகனுக்குப் போட்டிருக்கிறார். கடைசி மேஜைப் பெண் தன் அப்பாவுக்குப் போட்டிருக்கிறாள். யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவன் உடைந்த ரொட்டியை வீட்டுக்கு எடுத்துப் போவது போலத்தான்.

தம்பியின் வேன் முதல் முறை வந்தபோது வேகம் ஐம்பத்தெட்டு. அங்கே நாற்பதுதான். மாலை டிரிப்பில் ஐந்து மணிக்குள் கடைகளில் சேர்க்காவிட்டால் ரொட்டியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், முழுவதும் திரும்பி வரும். அது அவளுக்குத் தெரியும். படத்தில் அவன் பாடவில்லை. ஸ்டீயரிங் மேல் குனிந்து, அப்பாவைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் வெயில் போட்டாள். இரண்டாவது முறை அறுபத்து மூன்று. அன்றைக்கு வானம் முழுக்க மேகம். கை பழக்கத்தில் வெயில் என்றே அழுத்திவிட்டாள். மழை என்று போட்டிருக்க வேண்டும் என்று ஐந்து நிமிஷம் கழித்து உறைத்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது முறை அறுபத்தெட்டு.

அந்தப் படம் அவளுடைய வரிசையில் வருவதற்கு முன்பே போலீஸ் ஆள் வந்துவிட்டார். "நேத்து சாயங்காலம் நாலு நாற்பது, பாலத்து வளைவு. ஆக்ஸிடென்ட் கேஸ்," என்றார். மேலதிகாரி அவளிடம்தான் எடுக்கச் சொன்னார். இன்னாருடைய அக்கா இவள் என்று அவருக்கு அப்போது தெரியாது. அவள் எடுத்தாள். கோடுகளை எண்ணினாள். முதல் படத்தில் வேன் மட்டும். இரண்டாவது படத்தின் ஓரத்தில் ஒரு துணிப் பையும், அதைப் பிடித்த முழங்கையும் இருந்தன. வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது. பையின் தையல்கூடத் தெரிந்தது.

*

வேன் மோதிய தையல்காரம்மா பிழைத்துக்கொண்டாள். வலது கால் முட்டிக்குக் கீழே மூன்று இடத்தில் நொறுங்கிவிட்டது.

வேனைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. தம்பி முதல் வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அம்மா பழைய வேலையை ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தவள். மனசு சரியில்லாவிட்டால் வீட்டிலுள்ள எல்லாத் துணியையும் உதறி, மூலை சேர்த்து, திரும்பவும் மடிப்பாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

வக்கீல் வந்தது அந்த மடிப்புகளுக்கு நடுவில்தான். செருப்பை வாசலில் ஒழுங்காக இணைத்துவிட்டு உள்ளே வருகிற மனிதர்.

"வேகம்தாம்மா கேஸே. வேகம் இல்லேன்னா, அந்தம்மா பாக்காம குறுக்க வந்தாங்கன்னு சொல்லிரலாம். வேகத்துக்கு ஒரே சாட்சி அந்தக் கேமரா. அது கோளாறுன்னு நிரூபிச்சுட்டா லைசென்ஸ் தப்பிக்கும், ஜெயிலும் தப்பிக்கும்."

"எப்படி சார் நிரூபிக்கிறது?" என்றாள் தம்பி மனைவி.

"அந்த ஆபீஸ்ல தள்ளுபடி பண்ணின படங்களோட லிஸ்டை எழுதிக் கேட்டு வாங்கியிருக்கேன். பாருங்க, ஒரே கூத்து. மேகமூட்டமான நாள்ல வெயில் கூச்சம். கொட்டுற மழையில வெயில் கூச்சம். ஒரு வருஷத்துல பதினேழு இடத்துல இப்படி இருக்கு. நல்ல மெஷின் இப்படி எடுக்குமா?" அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க அஞ்சு வருஷமா அங்க இருக்கீங்க மேடம். காரணமே இல்லாம படம் கெட்டுப்போய் வருதுன்னு ஒரு வாக்குமூலம் எழுதித் தந்தா போதும். அக்காங்கிறதால தப்பில்ல. லிஸ்ட் உங்க ஆபீஸோடது, நீங்க வெறும் விளக்கம்தான் சொல்றீங்க."

அவள் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். வண்டி எண் இல்லாமல் தேதியும் நேரமும் மட்டும் இருந்தாலும் அவளுக்கு ஆள் தெரிந்தது. லென்ஸின் மருமகன் இருந்தான். கடைசி மேஜைப் பெண்ணின் அப்பா இருந்தார். பதினோராவது வரி அவளுடையது.

"யோசிச்சு சொல்றேன்," என்றாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்றாள் அம்மா, கையில் பாதி மடித்த துண்டோடு.

*

ஆஸ்பத்திரிக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் போனாள். வாசலோடு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். தையல்காரம்மா அதற்குள் பார்த்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டுப் போட்ட கால் உயரத்தில் தொங்கியது. மடியில் பக்கத்துப் படுக்கைக்காரியின் ஜாக்கெட் ஒன்றை வைத்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. துணி ஏதாவது வாங்க வேண்டியிருக்கா? கடை பூட்டியிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு. உங்ககிட்ட ஒரு தடவை கோட்டுக்குப் பட்டன் தைச்சிருக்கேன்."

அது பொய். தையல்காரம்மா சிரித்தாள்.

"பட்டன் தைச்சவங்களே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தா, கோட்டு தைச்சவங்க எல்லாம் எனக்கு வீடே கட்டித் தரணும். உக்காருங்க."

உட்கார்ந்தாள். கொண்டு வந்த பழங்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வலது காலா?"

"வலதுதான். மெஷின் மிதிக்கிற கால். அந்த டிரைவர் கொஞ்சம் பாத்து இடதுல ஏத்தியிருக்கலாம், அதுக்கு வேலையே இல்ல." நூலைப் பல்லால் கடித்தாள். "அந்தப் பையனையும் முழுசா சொல்ல முடியாதும்மா. தப்பு என் பேர்லயும் இருக்கு. முன்னாடியெல்லாம் நான் நடைமேம்பாலம் ஏறித்தான் வருவேன். நாற்பத்தெட்டுப் படி. ஏறி இறங்கி, கடையைத் திறக்கறதுக்குள்ள மூச்சு வாங்கும். அப்புறம் அந்தப் பொட்டி வெச்சாங்க இல்ல?"

"எந்தப் பொட்டி?"

"படம் புடிக்கிற பொட்டி. அது வந்தப்புறம் எல்லா வண்டியும் அங்க வந்ததும் கல்யாண ஊர்வலம் மாதிரி போகுது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன். ஒருத்தன்கூட வேகமாப் போகல. அப்புறம் எதுக்கு நாற்பத்தெட்டுப் படி? ஒரு வருஷமா குறுக்கதான் நடக்கிறேன்." ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "ஏம்மா, என்ன ஆச்சு? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரத்த வாடை ஒத்துக்காதா?"

"ஆமா," என்றாள்.

"அப்ப கிளம்புங்க. வந்ததே பெரிசு."

பழங்களைக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கினாள். எல்லா வண்டியும் குறைத்தது. ஒரு வண்டி மட்டும் குறைக்கவில்லை. அந்த ஒருவனுக்கு மட்டும் பெட்டி வெறும் டப்பா என்று யார் சொல்லிக்கொடுத்தது?

*

வேன் இல்லாததால் பேக்கரியில் தம்பியைத் தட்டு கழுவப் போட்டிருந்தார்கள். பின்கட்டில், வெந்நீர்க் குழாயைப் பிடித்தபடி, பிளாஸ்டிக் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உள்ளிருந்து ரொட்டி வாசனை வந்தது. ஆவியில் அவன் முகம் சிவந்திருந்தது.

"என்னக்கா, இங்க வந்திருக்க? ஆபீஸ் இல்லையா?"

"இனிமேத்தான் போகணும். குழாயை நிறுத்து."

நிறுத்தினான்.

"அந்தக் கேமரா டப்பா இல்லடா. ரெண்டு தடவையும் உன்னைப் படம் புடிச்சுது. ஐம்பத்தெட்டு. அப்புறம் அறுபத்து மூணு. நான்தான் வெயில் கூச்சம், தெளிவில்லைன்னு போட்டேன்."

அவன் கையிலிருந்த தட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"அன்னிக்குச் சாப்பிடும்போது கேட்டேனே."

"ஆமா."

"சிரிச்சியேக்கா."

"சிரிச்சேன்."

"ஒரு கடுதாசி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு தட்டை அடுக்கின் மேல் வைத்தான். "சொல்லியிருக்கலாம்ல? கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாம்ல? சின்ன வயசுலேருந்து எதையாச்சும் மூடி மூடி வெக்கிறதே உனக்கு வேலையாப் போச்சு."

"திட்டு."

"திட்டி என்ன பண்றது?" கண்களைப் புறங்கையால் துடைத்தான். ஆவியா, வேறா என்று தெரியவில்லை. குரல் மாறி, கிட்டத்தில் வந்தான். "அக்கா, கோவிச்சுக்காதே. ரெண்டு தடவை பண்ணியிருக்க. இன்னும் ஒண்ணு. அந்த வக்கீல் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டா எல்லாமே முடிஞ்சிரும். நீ போட்ட வெயிலும் உள்ளயே அமுங்கிப் போயிடும். உனக்கும் நல்லது. எனக்கு ஸ்டீயரிங்கை விட்டா என்ன தெரியும் சொல்லு? இதோ, தட்டு கழுவத் தெரியும்."

"அந்தக் கேமராவை எடுத்திருவாங்கடா."

"எடுக்கட்டுமே."

"அந்தம்மா அதை நம்பித்தான் குறுக்க நடந்தாங்க."

"எந்தம்மா?" என்றான். கேட்ட பிறகுதான் அவனுக்கே புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்தான். நீர் சுவரில் மோதி இருவர் மேலும் தெறித்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூறிக்கொண்டிருந்தது. வக்கீல் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கொண்டு வந்திருந்தார். அம்மா மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள். தம்பி மனைவி டீ கொண்டு வந்து வைத்தாள். தம்பி கதவில் சாய்ந்து நின்றான். அவன் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அம்மா நம்பிக்கையோடு இருந்தாள். புதுப் புடவை போல மொடமொடப்பான ஒரு நம்பிக்கை.

அவள் இரண்டு பக்கத்தையும் முழுவதும் படித்தாள். நல்ல மொழி. ஒரு இடத்தில்கூடப் பிழை இல்லை. 'எவ்விதக் காரணமுமின்றி' என்று மூன்று இடத்தில் வந்தது.

"கீழே பேரும் தேதியும் போதும் மேடம்," என்றார் வக்கீல். பேனாவின் மூடியை அவரே கழற்றித் தந்தார்.

பேனாவை வாங்கிக்கொண்டாள். கனமான பேனா.

"படங்கள் தெளிவாத்தான் இருந்துச்சு சார்."

"எந்தப் படம்?"

"இந்த லிஸ்ட்ல இருக்கிற பதினேழும். மெஷின் கெட்டுப்போகல. நாங்கதான் தள்ளினோம். வீட்டு ஆளுங்களுக்காக. பதினோராவது என் தம்பி வண்டி. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி இன்னொண்ணு. அது நல்ல வெயில் நாள், அதனால உங்க லிஸ்ட்ல வரல."

வக்கீல் டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். தம்பியைப் பார்த்தார்.

"என்னடி உளர்றே?" என்றாள் அம்மா. "எந்த வண்டி? யாரு தள்ளினா?"

"நான்தாம்மா."

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி. குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. "சரி, தள்ளினீங்க. இவருக்காகத்தானே தள்ளினீங்க? அதே இவருக்காக இதையும் போடுங்களேன். நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

அது உண்மை. இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருஷத்தில் அவள் எதையும் கேட்டதில்லை. தம்பி மனைவியின் விரல் நுனிகளில் உறை ஒட்டும் சூட்டுப் பலகையின் தழும்புகள் இருந்தன. இவள் அவற்றைப் பார்க்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை.

"மேடம், நீங்க இப்ப சொன்னதை நான் கேக்கல," என்றார் வக்கீல் தாழ்ந்த குரலில். "வெளிய போனா உங்க வேலை போயிடும். உங்க மேலேயே கேஸ் வரும். கூட வேலை பாக்கிறவங்களையும் இழுத்துவிட்டவங்க ஆவீங்க. இதுல ஒரு கையெழுத்து போட்டா யாருக்கும் எதுவும் இல்ல. யோசிங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

லென்ஸின் நினைவு வந்தது. ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாதம். நாளைக் காலை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்துவார். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. இதில் சுத்தமாக வெளியே வருகிற வழி ஒன்றும் இல்லை. மூன்று வாரம் தேடிவிட்டாள்.

"பெத்த தாய் சொல்றேன்டி," என்றாள் அம்மா. அவளுடைய கைகள் மேஜை விரிப்பின் ஓரத்தைத் தேடிப் பிடித்து மடிக்க ஆரம்பித்திருந்தன. "அவன் ஜெயிலுக்குப் போனா உனக்குத் தூக்கம் வருமா?"

"வராதும்மா."

"அப்புறம்?"

அவள் பேனாவை மூடினாள். இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்து, ஓரம் பார்த்து, வக்கீல் பக்கமாக நகர்த்தினாள்.

தம்பி கதவை விட்டு வந்தான். மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்தத் தாள்களை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினான். தள்ளிய கை அங்கேயே இருந்தது. தட்டு கழுவி வெளுத்த கை.

"அக்கா," என்றான்.

அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். வைத்தபடியே, அவன் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள்.